முதுகுப் பக்கத்துப் படக்காரர்

பூநாரை தலையைத் தூக்கிக் கமராவைப் பார்த்துவிட்டால் அந்தப் படத்தை அவர் அழித்துவிடுவார். வெளிச்சம் எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும் சரி, இறகின் சிவப்பு எவ்வளவு துல்லியமாக வந்திருந்தாலும் சரி. கமராவின் பின்பக்கத் திரையை ஒரு கையால் வெயிலுக்கு மறைத்துக் கூர்ந்து பார்ப்பார். “பாத்திட்டுது” என்பார். பெருவிரல் போய்ப் பொத்தானை அழுத்தும். படம் போய்விடும்.

முதல்முறை நான் பதறிப்போனேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கந்தோர்களில் இருந்தவன் நான். எந்தக் காகிதத்தையும் உரிய காலம் முடியுமுன் அழிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன்.

“என்ன தம்பி, நல்ல படமெல்லே அது.”

“ஐயா, அது தன்ர பாட்டில மேஞ்சுகொண்டு நிண்டது. நான் வந்தபடியாத்தான் மேய்ச்சலை விட்டிட்டுப் பாக்குது. இது பூநாரையின்ர படம் இல்லை. நான் போய்க் குழப்பினதின்ர படம்.”

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவரும் தலையைத் தூக்கிப் பார்த்தது போலாகிவிடும். மன்னாரில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. பிழைப்பு அடையாள அட்டைப் படங்களிலும் கடவுச்சீட்டுப் படங்களிலும்தான். அந்தப் படங்களில் காது இரண்டும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது, கண் நேரே பார்க்க வேண்டும். ஒருவரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர், நாள் முழுக்க ஊராரைப் பிடித்து இருத்தி “நேர பாருங்கோ” என்று சொல்லிச் சோறு தின்றார். அரசாங்கம் மனிதர்களுக்கு வேலை பங்கிடும் முறையை நன்றாக அறிந்தவன் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை.

என் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனபோதுதான் அறிமுகம். கதிரையில் இருத்தினார். நாடியைக் கொஞ்சம் உயர்த்தினார். “நேர பாருங்கோ ஐயா” என்றார். பார்த்தேன். அழுத்தும் நேரத்தில் அவர் தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் இஞ்ச பாத்துக்கொண்டிருக்க நீர் எங்க பாக்கிறீர்?”

“ரெண்டு பேரும் பாத்தா ஆரோ ஒராள் வெக்கப்படவேணும், ஐயா.”

படம் சரியாகத்தான் வந்திருந்தது. என் காதுகள் இவ்வளவு பெரியவை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டூடியோவின் உட்சுவரில்தான் அவருடைய மற்றப் படங்கள் இருந்தன. வாடைக்காற்று மாதங்களில் களப்பில் இறங்கும் பூநாரைகள். கச்சான் காற்றில் புழுதி பறக்கும்போது கடைத்தெருச் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்து நிற்கும் கழுதைகள், எல்லாம் எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வேரை மேலே நட்டது போல நிற்கும் பெருக்கமரம். மாரி முடிந்ததும் உயிலங்குளத்து வயலில் தண்ணீருக்குள் கழுத்தளவில் கிடக்கும் எருமைகள். மறிச்சுக்கட்டிப் பக்கம் தெருவைக் கடந்து காட்டுக்குள் நுழையும் யானையின் வால். வால் மட்டும்தான். முன்பக்கம் எடுத்த படத்தில் யானை பார்த்துவிட்டதாம். அதை அழித்ததில் எனக்கு மறுப்பில்லை, யானையும் அதையே விரும்பியிருக்கும்.

மனிதர்களும் இருந்தார்கள். மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகும் ஒருவரின் பிடரி. சிலாவத்துறையில் பள்ளிவாசல் வாசலில் செருப்புத் தேடிக் குனிந்த கிழவர். கடலின் குறுக்கே போகும் தாம்போதியில் பழுதான மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் புதுத் தம்பதி. எல்லாம் முதுகுகள். ஊரில் “முதுகுப் பக்கத்துப் படக்காரர்” என்றே சொல்வார்கள். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்கும் போயிருக்கிறார். ஒரு வீட்டில் பெண்ணின் தாய் கல்யாணப் பட அல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாளாம்.

“மாப்பிள்ளையின்ர பிடரியைப் பாக்கவோ உம்மைக் கூப்பிட்டனாங்கள்?”

“நல்ல பிடரி அக்கா. வடிவா வெட்டுவிச்சிருக்கிறார்.”

அதோடு கல்யாண ஓடர்கள் நின்றுபோயின.

எனக்கும் அவருக்கும் சிநேகம் வளர்ந்தது என் தகுதியால்தான் என்று பெருமையாகச் சொல்லலாம். இந்தத் தீவில் படம் எடுக்க நல்ல இடம் எதுவோ அங்கேயெல்லாம் போக அனுமதி வேண்டும். எந்தக் கந்தோருக்கு முதலில் எழுத வேண்டும், எவருக்குப் பிரதி போட வேண்டும், எந்தக் கையெழுத்து வந்த பிறகு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் நேரே போய் “அண்ணை, உள்ள போகலாமோ” என்று கேட்டுக் கலைக்கப்பட்டுத் திரும்புகிற ஆள். நான் எழுதினேன், அவர் ஓட்டினார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கமராத் தாங்கியைக் கட்டிப்பிடித்தபடி ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் போவதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், என் ஓய்வூதியத்தில் அதற்காகப் பிடித்தம் ஒன்றும் இல்லை.

ஒருமுறை அப்படி எழுதி எழுதித் தலைமன்னாருக்கு அப்பால் கடலில் கிடக்கும் மணல் தீடை ஒன்றுக்குப் போக அனுமதி எடுத்தேன். ஆலாக்கள் முட்டையிடும் காலம். என் உத்தியோக வாழ்வில் எந்தப் பாலம் கட்ட அனுமதி எடுக்கவும் நான் அவ்வளவு பாடுபட்டதில்லை. வள்ளம் கரை தட்டியது. முதலில் அவர் இறங்கினார். ஆயிரம் பறவைகள் ஒரே சத்தமாக மேலே எழுந்தன. தீடை முழுக்க மணலில் புள்ளி புள்ளியாக முட்டைகள், மேலே உச்சி வெயில். அவர் இறங்கிய கால்தடத்திலேயே பின்னுக்கு நடந்து வந்து வள்ளத்தில் ஏறினார்.

“எடுங்கோ வள்ளத்தை.”

“அண்ணை, இப்பத்தானே வந்தனாங்கள்” என்றான் வள்ளக்காரன்.

“முட்டை வெந்துபோகும். எடு.”

கமரா பையை விட்டு வெளியே வரவில்லை. தூரப் போய்த் திரும்பிப் பார்த்தோம். பறவைகள் வெள்ளைத் துணி விரித்தது போல மறுபடி இறங்கின. அதையாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கரை சேரும்வரை தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நாங்கள் இருவரும் ஒரே மாதா கோயில். அவர் ஒவ்வொரு மாதமும் போவார், நான் பெரிய வெள்ளிக்கு முன் வருடத்துக்கு ஒருமுறை, விதி கேட்கும் அளவுக்கு. உள்ளே நடந்ததை அவரே தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னார். இரகசியம் காக்கும் கடமை குருவுக்குத்தான், பாவிக்கு இல்லை.

“சுவாமி, ஆலாவை முட்டையில இருந்து எழுப்பிப்போட்டன் எண்டு சொன்னன். அதுக்கு அவர், பாவமெண்டா அறிஞ்சு செய்யவேணும், நீர் அறிஞ்சோ செய்தனீர் எண்டு கேட்டார். அறியாமத்தான் செய்தனான், ஆனா அறிஞ்சிருக்கவேணும் சுவாமி எண்டன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லும். அடுத்தமுறை வரேக்க மனிசருக்குச் செய்த பாவத்தையும் ரெண்டொண்டு கொண்டுவாரும் எண்டார்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அப்படியொண்டும் பெரிசா இல்லையே ஐயா, எதைக் கொண்டுபோறது” என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அந்தக் கவலை பிறகு தீர்ந்தது.

வாடை ஓய்ந்து கொண்டிருந்த ஒரு விடியற்காலை களப்போரம் படுத்துக்கிடந்தோம். அவர் சேற்றில், நான் கொஞ்சம் உயரமான இடத்தில் பிளாஸ்டிக் பாயில். பூநாரைகள் கரைக்கு வெகு அருகே வந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, ஒரு மனுசி முழங்காலளவு தண்ணீரில் குனிந்து மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியில் ஒரு பேசின் மிதந்து அவள் பின்னாலேயே வந்தது. பறவைகள் அவளைக் கண்டு விலகவில்லை. அவளும் அவற்றை நிமிர்ந்து பார்க்கவில்லை. பறவைகளும் தலையைக் கவிழ்த்து நீருக்குள் அலகை விட்டிருந்தன, அவளும் தலையைக் கவிழ்த்து நீருக்குள் கையை விட்டிருந்தாள். சூரியன் அப்போதுதான் கிளம்பியது. அவர் ஒரே ஒருமுறை அழுத்தினார்.

திரையைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

“ஒருத்தரும் பாக்கேல்லை ஐயா” என்றார்.

நானும் பார்த்தேன். மனுசியின் முதுகு எங்கள் பக்கம். பச்சைச் சேட்டின் மேல் வெயில் விழுந்து, சுற்றிலும் சிவப்பு. நிறம் நன்றாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கொழும்பில் ஒரு சங்கம் படப்போட்டி வைப்பதைப் பத்திரிகையில் கண்டு அவரைச் சம்மதிக்கவைத்தவன் நான். படத்தில் கை வைக்கவில்லை, ஒட்டு வெட்டு எதுவும் செய்யவில்லை என்று உறுதி கேட்டிருந்தார்கள். அதை அவர் மகிழ்ச்சியோடு கொடுத்தார். படம் எடுத்த இடத்தையும் நேரத்தையும் குறிப்பிடச் சொன்ன இடத்தில்தான் நின்றுவிட்டார்.

“மன்னார் எண்டு மட்டும் போடுவம், ஐயா. இடத்தைச் சொன்னாச் சனம் வந்து பறவையைக் குழப்பும்.”

“இடம் சரியாக எழுதாத விண்ணப்பத்தை வாசிக்காமலே கழிப்பாங்கள். நான் எத்தினை கழிச்சிருக்கிறன் தெரியுமோ?”

அவர் என்னை நம்பினார். களப்பின் எந்த ஓரம், எந்த மாதம், விடியலில் எந்நேரம் என்று படத்துக்குக் கீழே நானே குறிப்பு எழுதினேன். ஒரு நில அளவையாளர் கூடக் குறை சொல்ல முடியாத குறிப்பு.

படம் முதலாவதாக வந்தது. அடுத்த வருடத்து நாட்காட்டியின் அட்டையில் போட்டார்கள். முகநூலில் ஊரெல்லாம் பகிர்ந்தது. சிலர் ஸ்டூடியோவுக்குள் வந்து கைகொடுத்தார்கள். அந்த இரண்டு வாரம் அவர் அடையாள அட்டைப் படம் எடுக்கும்போது கூட முகத்தைத் திருப்பவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் அந்த மனுசி ஸ்டூடியோவுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அதே பச்சைச் சேட்டு. வாசலில் திரும்பி நின்று வியர்வையைத் துடைத்தபோது முதுகு தெரிந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ‘சுறா’ என்று இருந்தது, கீழே ஒன்பதாம் இலக்கம். அவளுடைய ஊர்ப் பந்தாட்ட அணியின் உடுப்பு. மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் அதைப் போட்டுக்கொண்டுதான் விளையாடினான். அவனுடைய பட்டப்பெயர் அது, சுறா என்றால் மாவட்டத்தில் பந்து பார்க்கிற எவனுக்கும் தெரியும். அவன் போன பிறகு தாய் அதைப் போட்டுக்கொண்டு களப்பில் இறங்கினாள், கெதியாகக் காயும் என்பதற்காக.

எங்களுக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை. படத்தில் முகம் தெரிகிறதா என்று இரண்டு பேரும் கழுத்துக்கு மேலேதான் பார்த்திருந்தோம், முதுகை வாசிக்கவில்லை.

“அண்ணை, என்னை வனவிலங்குக் கந்தோருக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள்” என்றாள். “அந்தப் பக்கம் பறவையளுக்கு ஒதுக்கின இடமாம். மட்டி எடுக்கக் கூடாதாம். வீட்ட வந்து பேசினையும் எடுத்துக்கொண்டு போட்டாங்கள். படத்தையும் கீழ எழுதிக் கிடக்கிற இடத்தையும் காட்டி, இது நீதானே எண்டு கேக்கிறாங்கள்.”

அவர் கதிரையை விட்டு எழும்பினார். “முகம் படத்தில விழேல்லை எண்டுதான் தங்கச்சி…” என்று தொடங்கினார்.

“முகம் விழுந்திருந்தா ஒரு கரைச்சலும் இல்லை. என்ர மூஞ்சியை இந்த ஊரில ஆர் பாக்கிறது? சேட்டைத்தான் எல்லாருக்கும் தெரியும்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “வழக்கெண்டு போனா களப்பில காலே வைக்கவிடமாட்டாங்கள். என்ர மனிசனுக்கு நாரி எலும்பு ஏலாது, படுக்கையில கிடக்கிறார். பெடியன் அனுப்புறது கடனுக்கே சரி. நான் பேந்து என்னத்தைச் செய்யிறது?”

நான் முன்னால் வந்தேன். இது என் களம். முதலில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும், எல்லைப் பலகை நட்டிருக்க வேண்டும், பொருளைக் கைப்பற்றினால் உடனே பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். எல்லாம் சரியான வாதங்கள். மேல்முறையீட்டில் நிச்சயம் வெல்லும்.

“அது எவ்வளவு காலம் எடுக்கும், ஐயா?” என்று அவள் கேட்டாள்.

சரியான கேள்வி. நடைமுறை தெரிந்தவர்கள் கேட்காத கேள்வி.

விசாரணைக்கு மூவருமாகப் போனோம். உள்ளே இருந்த உத்தியோகத்தர் உயிலங்குளத்துப் பெடியன். மரியாதையானவன். அவனுடைய அடையாள அட்டைப் படத்தையும் எங்கள் ஆள்தான் எடுத்திருப்பார். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை, என் இளவயதில் நானும் அந்தக் கதிரையில் அதையேதான் செய்திருப்பேன். மேசையில் நாட்காட்டி கிடந்தது. நான் எல்லைப் பலகையில் இருந்து தொடங்கலாமா, பற்றுச்சீட்டில் இருந்து தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஒரு விசயம்” என்றார் அவர். “அந்தப் படம் பொய்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஒட்டினனான். பூநாரை ஒரு நாள் எடுத்தது. இவ வேற ஒரு நாள், ஆரும் போகலாம் எண்ட பக்கத்தில நிண்டவ. ரெண்டையும் கொம்பியூட்டரில வைச்சுச் சேத்தனான். நல்லா வரட்டும் எண்டு.”

“அண்ணை, போட்டிக்கு ஒட்டேல்லை எண்டு குடுத்திருக்கிறியள்.”

“ஓம். அதுவும் பொய்.”

“மூலப்படம் கிடக்கோ?”

“அழிச்சுப்போட்டன்.”

அது உண்மை. முதல் நாள் இரவே அழித்திருக்கிறார். எனக்குக் கூடச் சொல்லவில்லை. தன்னை எவரும் பார்க்காத ஒரு படத்தை அவர் அழித்தது அந்த ஒருமுறைதான்.

பெடியன் பேனாவை எடுத்தான், பிறகு கீழே வைத்தான். “அண்ணை, நான் இதை எழுதினா எழுதினதுதான். போட்டிக்காரருக்கும் அறிவிக்கவேண்டி வரும்.”

“அறிவியுங்கோ.”

“உங்கட பேர் கெட்டுப்போகும்.”

“எழுதுங்கோ தம்பி.”

அவன் என் பக்கம் திரும்பினான். “ஐயா, நீங்களும் அண்டைக்குக் கூடப் போனனீங்கள் எண்டு கேள்வி.”

உத்தியோக காலம் முழுவதும் நான் ஒரு பொய்யும் எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதிய பொய்களை மேலே அனுப்பியிருக்கிறேன், அது வேறு நடைமுறை. அந்த மனுசி என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தன் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தால் கேட்பது போலாகிவிடும் என்று நினைத்திருப்பார்.

“போனனான்” என்றேன். “பறவையள் மட்டும்தான் நிண்டது. மனிசர் ஒருத்தரையும் காணேல்லை.”

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானா என்று எனக்குத் தெரியாது. எழுதினான். கோவையை மூடினான். பேசினை அவனே எடுத்து அவளிடம் கொடுத்தான்.

வெளியே வந்ததும் அவள் பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். “அண்ணை, அப்ப அண்டைக்கு நான் அங்க இல்லையோ?”

“இல்லை, தங்கச்சி.”

“அப்ப எங்க நிண்டனான்? வீட்ட அந்தாள் கேட்டாச் சொல்லவேணுமெல்லே.”

சிரித்தாள். அவரும் சிரித்தார். கொஞ்சத் தூரம் போன பிறகு அவள் திரும்பி நின்று, “நல்ல படம் அண்ணை அது. பெடியனுக்கு அனுப்பினனான். அம்மா பூவுக்க நிக்கிறா எண்டு சொன்னவன்” என்றாள்.

மிச்சமெல்லாம் விதிப்படி நடந்தது. பரிசைத் திருப்பி எடுத்தார்கள். முகநூலில் பகிர்ந்தவர்கள் எல்லாம் அதே சுறுசுறுப்போடு மறுபடி பகிர்ந்தார்கள், இம்முறை வேறு வார்த்தைகளோடு. பஸ் நிலையத்துப் பெடியள் ஸ்டூடியோவுக்குள் தலையை நீட்டுவார்கள்.

“அண்ணை, என்னையொருக்கா சிகிரியாவுக்கு மேல ஒட்டி விடுங்கோவன்.”

“எந்த உடுப்போட?” என்று அவர் கேட்பார். ஒருவனை உண்மையிலேயே ஒட்டிக் கொடுத்தார். அவன் அதைச் சட்டகம் போட்டு வீட்டில் மாட்டினான். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வந்த ஒரு பெரியவர், “இது ஒட்டாத படம்தானே” என்று என் முன்னாலேயே கேட்டார். அவர் “ஓம் ஐயா, உங்கட தலைதான்” என்றார். நான் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். முகத்தை மறைக்க அது நல்ல அளவு.

நான் வாய் திறந்திருந்தால் அவருடைய பெயர் திரும்பியிருக்கும், அவளுடைய வழக்கும் திரும்பியிருக்கும். ஆகவே மௌனம் நியாயம்தான். நியாயம் என்று தெரிந்த பிறகும் தேநீர்க் கடையில் யாராவது “ஒட்டுப்படம்” என்று சொல்லும்போதெல்லாம் என் கோப்பையில் எதையோ தேடுவேன்.

இரண்டொரு முறை மறுபடி களப்புக்குப் போனோம். ஒரு நாள் பூநாரை ஒன்று தலையைத் தூக்கி நேரே பார்த்தது. திரையைப் பார்த்தார். பெருவிரல் பொத்தானுக்குப் போகவில்லை.

“பாத்திட்டுதே” என்றேன்.

“பாக்கட்டும் ஐயா. இப்ப எல்லாரும் பாக்கினம்தானே.”

தவக்காலம் வந்தது. மாதாமாதம் போகிறவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை என்பதைக் கவனித்தேன். ஒரு மாதம், பிறகு அடுத்த மாதம். கோயில் முற்றத்தில் வைத்துக் கேட்டேன்.

“ஏன் தம்பி போகேல்லை? சுவாமி கேட்டவரெல்லே, மனிசர் சம்பந்தமான பாவம் கொண்டுவாரும் எண்டு. இப்பத்தானே கிடைச்சிருக்கு.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். “போய் என்னத்தைச் சொல்லுறது, ஐயா?”

“பொய் சொன்னனான் எண்டு சொல்லும். முடிஞ்சுது.”

“செய்ததுக்கு மனம் வருந்துற மனஸ்தாபம் வேணுமெல்லே. இனிச் செய்யமாட்டன் எண்டு சொல்லவேணும்.” செருப்பால் மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கினார். “நாளைக்கு அந்தப் பெடியன் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவன். பேந்து சுவாமிக்கு முன்னால முழங்காலில நிண்டு இன்னொரு பொய் சொல்லுறதோ?”

அவர் சொன்னது நடைமுறைப்படி சரி. வருத்தம் இல்லாத பாவத்துக்கு மன்னிப்பு இல்லை, மன்னிப்பு இல்லாதவர் பூசையில் நற்கருணை அப்பமான நன்மை வாங்கப் போகக் கூடாது. இதில் மேல்முறையீடு இல்லை. பறவையை எழுப்பியதற்காக முழங்காலில் நின்ற மனிதர், தன் பெயரைக் கொடுத்து ஒரு மனுசியைக் காப்பாற்றியதற்காக வருந்த முடியாமல் வெளியே நின்றார்.

பெரிய வெள்ளிக்கு முன் நான் போனேன். விசாரணையில் பொய் சொன்னேன் என்று சுவாமியிடம் சொன்னேன். மனம் வருந்துகிறீரா என்று கேட்டார். வருந்தினேன். அதை மறைக்க முடியாது. முழு உத்தியோகத்திலும் இல்லாத அந்த ஒரு கறை என்னை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. இனி ஒருபோதும் செய்யமாட்டேன் என்றேன். அதை முழு மனதோடுதான் சொன்னேன். சொல்லிவிட்டு எழும்பும்போதுதான், நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்பது விளங்கியது. மறுமுறை கேட்டால் அந்த மனுசியைக் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று கடவுளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று அருள்நிறைந்த மரியே. அவ்வளவுதான் என் தண்டனை.

இதையெல்லாம் இப்போது எழுதலாம். அவளுடைய மகன் திரும்பி வந்து வீட்டோடு சின்னக் கடை போட்டுக் கொடுத்துவிட்டான், அவள் களப்பில் இறங்குவதில்லை. மூடிய கோவையைத் திறக்க என்னென்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவு சிரமப்பட அங்கே ஆளில்லை. அவர் ஸ்டூடியோவைக் கொடுத்துவிட்டு வவுனியாவில் மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனார். ஆனால் என் நினைவில் நிற்பது அது இல்லை, அந்த வருடத்து உயிர்ப்பு ஞாயிறுதான்.

கோயில் நிறைந்திருந்தது. இருவரும் ஒரே நீள வாங்கில் இருந்தோம், நான் உட்பக்கம், அவர் நடைப்பக்கத்து ஓரம். நன்மை கொடுக்கும் நேரம் எங்கள் வரிசை எழும்பியது. அவர் எழும்பவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒட்டுப்படக்காரர் எழும்பவில்லை என்பதை நன்றாகவே பார்த்தார்கள். ஊருக்கு அது போதும், அவர் குற்றவாளி என்பதற்கு அவரே கொடுத்த சாட்சி.

நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு கணம் நானும் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். எனக்கு மன்னிப்புக் கிடைத்திருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது, இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

“போங்கோ ஐயா” என்று மெல்லச் சொல்லி, அவர் முழங்கால்களை ஒருபக்கம் ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்.

நான் போனேன்.